ஒரு தப்பும் இல்லம்மா

"புத்தகத்துக்கு என்னடி பண்ணப்போற?" என்று தோங்மி சித்தி கேட்டபோது ஜீட் மூங்கில் குருத்து உரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா செத்து இரண்டாம் நாள். கூடத்தில் குளிர்ப்பெட்டிக்குள் படுத்திருந்தாள். பெட்டியைச் சுற்றி வண்ண விளக்குகள் மாறி மாறி எரிந்தன. வாசலில் பந்தல், அடுக்கி வைத்த சிவப்பு நாற்காலிகள். பின்பக்கம் மாமரத்தடியில் தெருப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து வெட்டுவதும் இடிப்பதுமாக இருந்தார்கள். ஜனவரிக் குளிரில் மரம் பூத்துத் தள்ளியிருந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் பூ உதிர்ந்து வெட்டுப்பலகை மேல் விழுந்தது. ஒருத்தி தட்டிவிடப் போனாள். "விடு, புன்பெங் போடுற மசாலா" என்று இன்னொருத்தி அம்மா பேரைச் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

"என்ன புத்தகம் சித்தி?"

"என்ன புத்தகமா? எரிக்கிற அன்னைக்கு வர்றவங்க கையில குடுப்பாங்களே, அது. போன மாசம் வாத்தியார் செத்ததுக்குக் குடுத்தாங்க. மந்திரமும் மூலிகை வைத்தியமுமா இருந்துச்சு. உங்கம்மா அதத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு என்ன சொன்னா தெரியுமா? 'எனக்கு இந்த மாதிரி போட்டு ஏமாத்தக் கூடாது தோங்மி. நான் பேசினதப் போடணும். எடுத்துப் படிச்சா நான் பக்கத்துல உக்காந்து வாயடிக்கற மாதிரி இருக்கணும். ஜீட்கிட்ட சொல்லு, அவதான் புத்தகக் கம்பெனில இருக்கா'ன்னா."

"எங்கிட்ட சொல்லவே இல்லயே."

சித்தி கையை நீட்டினாள். ஜீட் உரித்த குருத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "நார் இருக்கு பாரு. ஒழுங்கா உரி" என்றாள்.

ஜீட் பாங்காக்கில் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிற வேலை பார்த்தாள். சேர்ந்த புதிதில் கையில் சிவப்புப் பேனா இருந்தது. இப்போது கணினியே தப்புக்குக் கீழே கோடு போட்டுவிடும். கோட்டைப் பார்த்து, சரியென்றால் ஒரு தட்டு, வேண்டாமென்றால் ஒரு தட்டு. சரி என்றுதான் எப்போதும் தட்டுவாள். அச்சு வேலை அவளுக்குப் புதிதில்லை. அம்மா பேச்சுதானே, ஃபோனில் கிடக்கும், எடுத்துக் கோத்துக் கொடுத்தால் போகிறது என்று நினைத்தாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே அச்சகம் வைத்திருக்கும் பிரசித் அண்ணனைக் கூப்பிட்டாள். நாளை சாயந்திரத்துக்குள் எழுத்து வந்துவிட்டால் ஞாயிறு காலை புத்தகம் வீட்டுக்கு வந்துவிடும் என்றார் அவர். ஞாயிறு பிற்பகல்தான் எரிப்பு.

கையைக் கழுவிக்கொண்டு வந்து அம்மா அனுப்பியதை எல்லாம் திறந்தாள்.

கடைசியாக வந்தது செவ்வாய்க்கிழமை. இளஞ்சிவப்பு ரோஜா, மேலே பனித்துளி, 'இனிய செவ்வாய், உடல்நலம் பெறுக' என்று வளைவாக எழுதியிருந்தது. அதற்கு முன்னால் திங்கள், மஞ்சள் சாமந்தி. அதற்கு முன்னால் ஞாயிறு, சிவப்பு. விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஊதா, நீலம், ஆரஞ்சு, பச்சை. ஒவ்வொரு நாளும் அந்தந்த நாளின் நிறத்தில் ஒரு பூ. எல்லாம் யாரோ செய்து வைத்த படங்கள். அம்மாவின் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஜீட் ஃபோன் மாற்றிய நாள்வரைக்கும் பூதான். அதற்கு முந்தையது அந்தப் பழைய ஃபோனோடு போய்விட்டது.

பூவுக்கு அவள் அனுப்பிய பதில்களும் இருந்தன. கட்டை விரல். கட்டை விரல். கும்பிடும் கரடி. கட்டை விரல்.

"சித்தி" என்றாள். "அம்மா எங்கிட்ட பேசவே இல்ல போலருக்கு."

தோங்மி சித்தி இடிகல்லை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மடியிலிருந்து தன் ஃபோனை எடுத்து நீட்டினாள். கண்ணாடி குறுக்கே வெடித்திருந்தது. மிளகாய் விரலால் தேய்த்துத் தேய்த்து ஓரமெல்லாம் சிவந்திருந்தது.

"எங்கிட்ட பேசுனா. இதுல கெடக்கு. நான் ஒன்னையும் அழிக்கறதில்ல. எப்படி அழிக்கறதுன்னும் தெரியாது."

*

புன்பெங் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். பேருந்து நிலையத்து வாசலில் அடுப்பு வைத்துக் கோழி சுட்டு, ஒட்டரிசிச் சோற்றோடு விற்று, ஜீட், அவள் தம்பி கொங் இருவரையும் படிக்க வைத்தாள். கடைப் பலகையில் அவளே தார் தொட்டு எழுதிய எழுத்து இருந்தது. அதில் இருந்த தப்பைப் பார்த்து ஜீட் பள்ளிக்கூடம் போகும் வயதில் வேறு வழியாகச் சுற்றிப் போவாள். "ஒரே சத்தத்துக்கு எதுக்குடி இத்தன எழுத்து வெச்சிருக்கான்? வேல இல்லாதவன் பண்ணது" என்பாள் அம்மா. "எழுத்த மாத்திப் போட்டா கோழி வேகாதா?"

ஜீட் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த ஃபோன்தான் அம்மாவுக்கு முதல் ஃபோன். குடும்பக் குழுவில் சேர்த்துவிட்ட அன்றிலிருந்து எழுத ஆரம்பித்தாள். வடகிழக்குச் சீமை ஈசான் பேச்சு, காதில் கேட்டபடி அப்படியே எழுத்தில். புள்ளியும் இடைவெளியும் நினைத்த இடத்தில். சித்தியின் வெடித்த கண்ணாடிக்குக் கீழே அதெல்லாம் அப்படியே இருந்தது.

'ஜீட்டு சாப்டியாடி இங்க மலை பேயுது கோளி ஒன்னும் விக்கள. நனஞ்ச கோளி மாதிரி நானே அடுப்பு முன்னாடி உக்காந்துறுக்கேன். என்ன வாங்க ஆள் இள்ள'

'கொங்கு தலமயிற மஞ்சளாக்கிட்டு வந்தான். கோயில் பூன பாத்துட்டு ஓடிறுச்சு. பெரிய பிக்கு சாமி மட்டும் ஒன்னும் சொள்ளள அவறுக்கு மயிறே இள்ளயே'

ஜீட் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அடுத்ததைப் பார்த்தாள். அம்மா எழுதிய ஒவ்வொன்றுக்கும் கீழே அவளே போட்டிருந்த நட்சத்திரக் குறிகள். *மழை. *கோழி. *இல்லை. வேறெதுவும் இல்லை. மாமா பிள்ளைகள் அதற்குக் கீழே வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிற பொம்மைகளைப் போட்டிருந்தார்கள். 'வாத்தியாரம்மா வந்தாச்சு!' 'அத்தைக்கு இன்னைக்கு எத்தன மார்க்கு?'

அம்மாவும் சிரித்த பொம்மை ஒன்று போட்டிருந்தாள்.

பிறகு ஒரு வருஷத்து மாம்பழப் பேச்சு வந்தது.

'மாமறம் இந்த வருசம் கிலை ஒடியற மாதிரி காச்சிருக்கு. வாத்துகாளன் வந்து மறத்த சுத்தி சுத்தி பாக்குரான் மொத்தமா குடுன்றான். நீ சொங்க்ரானுக்கு வறியா. வந்தா ஒனக்கு வெச்சுக்குறேன் வறளன்னா அவனுக்கே குடுத்துடுறேன். பதில் சொள்ளு'

கீழே ஜீட்: *மாமரம் *கிளை *வர்றியா *சொல்லு.

மறுநாளே கொங்குக்கு அவள் எழுதியதும் குழுவிலேயே இருந்தது. 'தம்பி, அம்மா ஃபோன்ல எழுத்துத் திருத்துற செயலி ஒன்னு போட்டு விடு. எல்லார் முன்னாடியும் கேலி ஆகுது.' கொங் போட்டுவிட்டான்.

அதற்கு அடுத்து அம்மாவிடமிருந்து வந்தது:

'வணக்கம். புத்தாண்டு விடுமுறைக்குத் தங்கள் வருகை உறுதியா எனத் தெரிவிக்கவும். பழங்கள் தொடர்பாக முடிவெடுக்க வேண்டியுள்ளது.'

அதன் கீழே ஜீட்: 'சூப்பர்! ஒரு தப்பும் இல்லம்மா!' கூடவே கைதட்டும் கரடி.

அதற்கு அடுத்து மஞ்சள் சாமந்தி.

ஜீட் ஃபோனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். தாய்லாந்தில் எல்லாரும் ஊருக்குப் போகும் சொங்க்ரான் புத்தாண்டுக்கு அந்த வருஷம் அவள் போகவில்லை. பதிப்பகத்தில் அவசர வேலை. அதைச் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"மாம்பழம் என்ன ஆச்சு சித்தி?" என்று கேட்டாள்.

"எந்த மாம்பழம்?"

"அந்த வியாபாரி, வாத்துக்காலன் கேட்டானே. அந்த வருஷம்."

சித்திக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. "அதயேன் கேக்கற. குடுக்கவே இல்ல. 'ஜீட் ஒன்னும் சொல்லலயே, வந்துட்டா என்ன பண்றது'ன்னு வெச்சுக்கிட்டே இருந்தா. காயா இருந்தப்பவும் குடுக்கல, செங்காயா இருந்தப்பவும் குடுக்கல. எல்லாம் பழுத்துப் பொத்து பொத்துன்னு விழுந்துச்சு. இந்த எடத்துல நடக்க முடியாது, கால் வழுக்கும். ஈ மொய்க்கும். நாங்க பத்தூருக்கும் குடுத்தோம், பன்னிக்கும் போட்டோம்."

"எனக்கு ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கலாமே."

"நான் சொன்னேன்டி, ஃபோனப் போடுன்னு. 'வேலையில இருப்பா, தொந்தரவு பண்ணக் கூடாது'ன்னா. உங்கம்மாவுக்குத்தான் எல்லார்கிட்டயும் சங்கடமாச்சே. கோழிய வாங்கிட்டு சில்லறை இல்லன்னு சொன்னவன்கிட்ட அப்புறம் வந்து கேக்கவே மாட்டா."

ஜீட் குழுவை விட்டு வெளியே வந்து, அம்மா சித்திக்குத் தனியாக எழுதியதைத் திறந்தாள். அங்கே பூ ஒன்றுகூட இல்லை. போன வாரம் வரைக்கும் அம்மா வாயடித்துக்கொண்டிருந்தாள். ஃபோனை யாரிடமோ கொடுத்துச் செயலியை எடுக்கச் சொல்லியிருக்கிறாள். 'அந்த சனியன எடுத்துட்டேன் தோங்மி. நான் ஒன்னு சொன்னா அது கலெக்டர் மாதிரி ஒன்னு சொள்ளுது' என்று இருந்தது. ஆஸ்பத்திரி டாக்டரைப் பற்றி, பக்கத்துக் கடைக்காரி தொடைக்கறியில் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி, கனவில் புருஷன் வந்து வெறும் சோறு கேட்டதைப் பற்றி. படிக்கப் படிக்க அம்மாவின் தொண்டை கரகரப்புகூடக் காதில் கேட்டது.

ஒரு இடத்தில் சித்தி கேட்டிருந்தாள்: 'ஏன்டி ஜீட்டுக்கு ஒன்னும் எழுதறதில்லயாம்?'

அம்மா: 'எலுதள. நாள் பூறா அடுத்தவன் தப்ப பாத்து கன்னு வலிக்கும் அவளுக்கு என் தப்பும் எதுக்கு. பூ அனுப்பிட்டேன். பூவுள தப்பு வறாது'

சமையல் புகை கண்ணில் ஏறியது என்று சொல்லிக்கொண்டு ஜீட் எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். யாரும் பின்னால் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சித்தி மட்டும், "மூஞ்சிய அலம்பிட்டு வா, சோறு ஆறுது" என்று குரல் கொடுத்தாள்.

*

மறுநாள் முழுக்க ஜீட் அந்த வேலைதான் பார்த்தாள். சித்தியின் ஃபோனிலிருந்து அம்மாவின் பேச்சைப் பொறுக்கித் தன் மடிக்கணினியில் சேர்த்தாள். சேர்க்கச் சேர்க்கத் திரை முழுக்கச் சிவப்புக் கோடு. ஒரு வார்த்தை விடாமல் கோடு. கை பழக்கத்தில் தட்டப் போனது. இரண்டு தடவை தட்டியும்விட்டாள். பிறகு திரும்ப மாற்றினாள். கடைசியில் கோடு போடுகிறதையே நிறுத்தி வைத்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படிச் செய்ததில்லை. கோடு இல்லாத திரை வெறிச்சென்று இருந்தது. சித்தி வந்து எட்டிப் பார்த்து, "ஆமா, இவதான் புன்பெங். இந்தக் கோழி அடிக்கற கதையும் போடு" என்றாள்.

அம்மா அவளுக்கென்று எழுதிய மாம்பழத்தை முதல் பக்கத்தில் வைத்தாள். அந்தக் கேள்வி அங்கே இருக்க வேண்டும் என்று தோன்றியது. பதில் வைக்க ஒன்றும் இல்லை.

சாயந்திரம் பிரசித் அண்ணனுக்கு அனுப்பினாள். 'அப்படியே போடுங்க அண்ணே, எதுவும் மாத்த வேண்டாம்' என்று எழுதினாள். அவர் கும்பிடும் படம் ஒன்று அனுப்பினார்.

*

ஞாயிறு காலை கொங்கின் தலையை மழித்தார்கள். மஞ்சள் சாயம் அடித்த முடியெல்லாம் முன்னமே போய் இப்போது சாதாரண கறுப்பு முடிதான் விழுந்தது. அம்மாவுக்காக ஒரு நாள் துறவி. காவி கட்டிக்கொண்டு கூச்சத்தோடு நின்றான். "இப்ப பூன ஓடாது" என்றாள் சித்தி. கொங் சிரிக்கப் போய், துறவி சிரிக்கக் கூடாதே என்று நிறுத்திக்கொண்டான்.

பிரசித் அண்ணன் பெட்டிகளைத் தானே வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். வழுவழுப்பான அட்டை, மேலே அம்மாவின் படம். கோழி சுடும் கை தெரியாதபடி முகத்தை மட்டும் எடுத்து, பின்னால் நீல வானம் வைத்திருந்தார். ஜீட் கும்பிட்டு வாங்கிக்கொண்டு ஒன்றைப் பிரித்தாள்.

'மாமரம் இவ்வாண்டு மிக நன்றாகக் காய்த்துள்ளது. வணிகர் ஒருவர் வந்து மரத்தைப் பார்வையிட்டு, மொத்தமாக வாங்க விருப்பம் தெரிவித்தார். நீ புத்தாண்டிற்கு வருகிறாயா?'

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதற்கடுத்ததை. எல்லாம் சுத்தமாக இருந்தது. புள்ளி, இடைவெளி, எல்லாம் அதனதன் இடத்தில். கோயில் பூனை 'அச்சமுற்று விலகிச் சென்றது.'

"அண்ணே… இத யாரு மாத்துனது?"

பிரசித் அண்ணன் முகம் மலர்ந்தது. "நானேதான்மா. புதுசா ஒரு மென்பொருள் வாங்கியிருக்கோம். எழுத்தும் திருத்தும், பேச்சையும் அழகாக்கிக் குடுக்கும். அப்படியே போடுங்கன்னு எழுதியிருந்தீங்க. ஆனா தொறந்து பாத்தா ஒரே தப்பு. பாவம், அழுதுகிட்டே அனுப்பியிருப்பாங்க, கவனிச்சிருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். இதுக்குப் போயி ஃபோன் பண்ணி உங்கள சங்கடப்படுத்தணுமா? செத்தவங்க பேருல தப்பு இருக்கக் கூடாதில்ல? அதான் உக்காந்து எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். இதுக்கு ஒன்னும் தனியா காசு வேணாம். உங்கம்மா கையால கோழி தின்னு வளர்ந்தவன் நான்."

அவர் கண் கலங்கியிருந்தது.

ஜீட் புத்தகத்தை மூடினாள். நான் வேண்டாம் என்றுதானே எழுதினேன் என்று சொல்ல வேண்டும். மனிதர் இரவெல்லாம் கண் விழித்திருக்கிறார், அம்மாவுக்காக. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? "ரொம்ப நன்றிண்ணே" என்றாள். குனிந்து இன்னொரு தரம் கும்பிட்டாள்.

அவர் போனதும் சித்தி ஒரு புத்தகத்தை எடுத்தாள். உதடு அசையப் படித்தாள். ஒரு பக்கம் படித்துவிட்டு அட்டையைத் திருப்பிப் படத்தைப் பார்த்தாள். திரும்பப் படித்தாள்.

"இது யாருடி?" என்றாள்.

"மாத்திட்டாரு சித்தி. நான் சொன்னேன், மாத்தாதீங்கன்னு."

"இப்ப போட்டுத் திருப்பிக் குடுக்கச் சொல்லு."

"முடியாது. நேரமில்ல."

சித்தி மாமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள். அடுப்பில் பெரிய சட்டி கொதித்தது. புத்தகத்தை மடியில் விரித்து வைத்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, "உன் பேனா எங்க?" என்றாள்.

"எதுக்கு?"

"நீ தப்ப எடுக்கறவதானே? இப்ப போடு. இந்தா, நான் படிக்கறேன், நீ எழுது."

வெடித்த ஃபோனைப் பிடித்துக்கொண்டு சித்தி அம்மாவின் பேச்சைப் படித்தாள். ஜீட் அச்சடித்த வரியை அடித்துவிட்டு மேலே கையால் எழுதினாள். வணிகர் என்பதை அடித்து வாத்துகாளன் என்று எழுதினாள். விலகிச் சென்றது என்பதை அடித்து ஓடிறுச்சு என்று எழுதினாள். ஓரத்தில் இடம் பற்றவில்லை. பேனாவால் எழுதிப் பழக்கம் விட்டுப்போய்க் கை வலித்தது. ஒவ்வொரு வார்த்தையிலும் அம்மா எந்த எழுத்தைப் போட்டாள் என்று நின்று நின்று பார்க்க வேண்டியிருந்தது. சரியாக எழுதுவதைவிட இது கஷ்டமாக இருந்தது. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த பக்கத்துக் கடைக்காரி எட்டிப் பார்த்து, "என்னப் பத்தி எழுதியிருக்காளா?" என்றாள்.

"தொடக்கறில தண்ணி ஊத்துறன்னு எழுதியிருக்கா" என்றாள் சித்தி.

"அடி புன்பெங்! சாகும்போதும் விட்டுட்டுப் போகலயா!" பெண்கள் சிரித்தார்கள். கடைக்காரி தோள்துண்டால் கண்ணைத் துடைத்தாள். "அத மட்டும் விட்டுடாம எழுதுடி. எம்பேரும் சேத்துப் போடு."

ஒரே ஒரு புத்தகம்தான் முடிந்தது. அதிலும் கடைசிப் பக்கங்கள் முடியவில்லை. வாசலில் பிக்குகள் வந்துவிட்டார்கள். பந்தலில் நாற்காலி இழுக்கும் சத்தம். "போதும் எழுந்திரு" என்றாள் சித்தி.

ஜீட் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். மாம்பழத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் எழுதினாள்: 'வறேன்மா. வாத்துகாளனுக்குக் குடுத்துடாத.'

அந்தப் புத்தகத்தைப் பெட்டியில், அம்மாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். மற்றப் புத்தகங்களைக் கோயில் வாசலில் ஒரு மேசை மேல் அடுக்கி வைத்தார்கள். சிதையில் போடச் சந்தனப்பூ ஒன்று, படிக்கப் புத்தகம் ஒன்று என்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்கள். ஆட்கள் வரிசையில் நின்றபடியே பிரித்துப் பார்த்தார்கள். மாமா பிள்ளைகள் பாங்காக்கிலிருந்து வந்திருந்தார்கள்.

"அத்தை இவ்வளவு சுத்தமா எழுதுவாங்களா?" என்றான் பெரியவன். வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிற பொம்மைகளை அன்றைக்குப் போட்டவன் அவன்தான். "நாமதான் சும்மா கிண்டல் பண்ணிட்டோம்." அவன் உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னான்.

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் வந்து ஜீட்டின் தோளில் கை வைத்தார். "ஒரு தப்பும் இல்லம்மா. அருமையா வந்திருக்கு. உங்கம்மா பாத்தா பெருமப்படுவாங்க."

ஜீட் கும்பிட்டாள். வரிசையில் வந்த எல்லாருக்கும் கும்பிட்டாள். கோயில் எரிமேடைப் புகைபோக்கியில் புகை எழுந்து கொஞ்ச நேரம் நேராக நின்று, பிறகு வயல் பக்கம் சாய்ந்தது.

*

திங்கட்கிழமை காலையில் எலும்பு பொறுக்கிக் கழுவி வெள்ளைத் துணியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். பந்தல்காரர்கள் நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜீட்டின் ஃபோனில் குடும்பக் குழுவிலிருந்து மஞ்சள் பூக்கள் வந்துகொண்டிருந்தன. மாமி ஒன்று, பெரியப்பா ஒன்று. பழக்கத்தில் அம்மா பேரைத் தேடினாள்.

மாமரத்தடியில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். குட்டையாக, பாதம் இரண்டும் வெளியே விரிய. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பூவை அண்ணாந்து பார்த்தான். ஜீட்டைக் கண்டதும் தொப்பியை எடுத்தான். அவன் நடையைப் பார்த்ததும் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நேத்து கூட்டத்துல பேச முடியலம்மா" என்றான். சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்த புத்தகத்தை எடுத்தான். "இத ராத்திரி படிச்சேன். நான் கோழிக்குன்னு வரமாட்டேன், வம்புக்குன்னு வருவேன் உங்கம்மாகிட்ட. ஒன்னு கேக்கணும்னு… இதுல மாமரத்தப் பத்தி வருதே, வணிகர் ஒருவர்னு. அது நான்தானா?"

"நீங்கதான்."

"மரியாதையாத்தான் போட்டிருக்காங்க." புத்தகத்தைப் பார்த்தான். சந்தோஷப்பட்டவனாகத் தெரியவில்லை. "நேர்ல என்ன அப்படிக் கூப்பிட்டதே இல்ல. அதான் வேற யாரையோ சொல்றாங்களோன்னு நெனச்சேன்."

ஜீட் உள்ளே போய் சித்தியிடம் ஃபோனை வாங்கி வந்தாள். திரையை அவனுக்குக் காட்டினாள். அவனுக்குக் கண் மங்கல், வெடித்த கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை. அவளே படித்தாள். ஈசான் பேச்சு அவள் வாயில் கொஞ்சம் தட்டியது. வாத்துக்காலன் வந்து மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான் என்று வந்த இடத்தில் அவன், "ஆ, இதுதான்! இதுதான் அவ!" என்று கையைத் தட்டினான். சிரித்தான். சிரித்துக்கொண்டே தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அந்த வருஷம் குடுக்கவே இல்ல எனக்கு" என்றான். "எத்தன வாட்டி வந்தேன். 'மக வருவா, மக வருவா'ன்னு சொல்லிச் சொல்லி அனுப்பிட்டா. பழமெல்லாம் கீழ கெடந்து அழுகுது. எனக்கே வயிறெரிஞ்சுச்சு."

"தெரியும்" என்றாள் ஜீட்.

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு மரத்தை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தான். வியாபாரிக் கண் திரும்பி வந்துவிட்டது. "இந்த வருஷமும் அதே மாதிரி காய்க்கும் போலருக்கு. சொங்க்ரானுக்கு முன்னாடி தயாராயிடும். நீங்க வருவீங்களா? இல்ல மொத்தமா எனக்கே குடுத்துடுறீங்களா? உங்க வாயால ஒரு பதில் சொல்லிட்டீங்கன்னா நான் போயிடுவேன்."

சாயந்திரம் அவளுக்குப் பேருந்து. நாளை வேலை. மேசையில் கோடு போட்டு ஒரு புத்தகம் காத்திருக்கும். சித்தி வாசல்படியில் வந்து நின்று, எலும்பு மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருவேன்" என்றாள் ஜீட். சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழுந்ததும், அதைக் கேட்க வேண்டியவள் அம்மா, வாத்துக்காலன் இல்லை என்று தோன்றியது.

"சரி. அப்ப காய உங்களுக்கு விடறேன்" என்று அவன் பாதங்களை விரித்துப் போட்டுத் தெருவை நோக்கி நடந்தான்.

உதிர்ந்த மாம்பூ அவன் நின்ற இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.